பழைய டெஸ்க்டாப்புக்குப் புது கிராபிக்ஸ் கார்டு

பழைய கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் எந்த கார்டு என்றுதான் கேட்கிறார்கள், பவர் சப்ளை எத்தனை வாட் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து நேராகக் கார்டுக்கு வரும் 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டுகளில் பல மாடல்கள் ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடிவிடும், பவர் சப்ளையைத் தொடவே வேண்டாம்.

சரி, பெரிய கார்டுதான் வேண்டும் என்றால், புது பவர் சப்ளையைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், கார்டும் பிராசசரும் இழுப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 360 வாட், அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம், பழைய பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் கேபிள்களைப் புதியதில் செருகவே செருகாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பின் வரிசை மாறியிருந்தால் ஹார்டு டிஸ்க் கருகிவிடும். சில கம்பெனி டெஸ்க்டாப்புகளில் மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் வழக்கமான 24 பின் கனெக்டரே கிடையாது, அதையும் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் இன்னும் கார்டு உள்ளே பொருந்துமா என்று கேபினெட்டின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறேன். ஹார்டு டிஸ்க் கூண்டு குறுக்கே நிற்கிறது.