எல்.பி.சி. வராத வருஷம்

ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி நம் டெல்லிப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தில் பல வருஷமாகக் கேட்கிறார்கள். நம் தமிழ் டீச்சர், தமிழம்மா காலமான செய்தி வந்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

நம்மில் பாதிப் பேர் மத்திய அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் டெல்லி வந்தது படிப்பு நடுவில். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை கரோல்பாகில் ஒண்டுக்குடித்தனம். பழைய ஆபீஸிலிருந்து எல்.பி.சி., அதாவது கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கான சான்றிதழ், வந்தால்தான் இங்கே ஒழுங்காகச் சம்பளம் போடுவார்கள். அது வந்தபாடில்லை.

ஒரு நாள் பிரேயரில் கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வாசித்தார்கள். என் பெயர்தான் முதலில். ஜனவரி மூடுபனியில் பக்கத்து வரிசை முகம்கூடத் தெரியாது. மைக்கில் பெயர் மட்டும் நன்றாகக் கேட்டது.

தமிழம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “அப்பாவுக்கு எல்.பி.சி. வரலையா?” என்றார். அவர் கணவரும் மத்திய அரசு ஊழியர், நார்த் பிளாக் ஆபீஸில் இருந்தவர். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே பென்சிலால் ‘எல்.பி.சி.’ என்று பொடியாக எழுதினார். அப்புறம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய், “பேரை வாசிக்கிறதுக்கு முன்னாடி ஏன்னு கேட்டிருக்கலாமே. இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு” என்றார். அதன் பிறகு என் பெயர் மைக்கில் வரவில்லை. சம்பளம் வந்த மாதம் அந்தப் பென்சில் எழுத்தை அவரே ரப்பரால் அழித்தார்.

இப்போது நான் அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் மனிதவள அதிகாரி. மாதத்தில் ஒரு வார இறுதி, வருஷத்தில் இரண்டு வாரம் அங்கே. மற்ற நாளெல்லாம் கம்பெனி வேலை. கப்பலில் போவாயா என்று கேட்கிறார்கள். என் வேலை ஆட்களோடு. நர்ஸ், போலீஸ்காரர், மெக்கானிக் என்று பலரும் ஆணை வந்ததும் வீட்டை விட்டு வருகிறார்கள். ஆணை 30 நாளுக்கு மேல் என்றால் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. திரும்பிப் போனால் பழைய வேலையைத் தர வேண்டும் என்று 1994-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் பெயர் காப்பீட்டுப் பதிவில் ஏறாவிட்டால், மருந்துக் கடையில் நிற்கும் மனைவிக்கு இதெல்லாம் எதற்கு உதவும்? முகம் வாடி நிற்பவரைத் தனியே அழைத்து, வீட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்றுதான் முதலில் கேட்பேன். இதைக் கேட்க எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

அதிகாரியாக வேண்டுமானால் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். இந்திய அரசாங்கச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளை இன்னொரு நாட்டின் சீருடையைப் போட்டிருக்கிறேன் என்ற வருத்தம் அப்பா இருந்தவரை அவருக்கும் இருந்தது, எனக்கு இன்றும் இருக்கிறது. தமிழம்மாவிடம் போனில் சொன்னபோது அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “உங்கிட்ட வர்றவங்களுக்குச் சம்பளம் நேரத்துக்குப் போகுதா?” என்றார்.

அவர் பெயரில் கட்டண நிதி தொடங்கலாம் என்று சங்கத்தில் பேச்சு. என் பங்கு நிச்சயம் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள்: உதவி பெறும் பிள்ளைகளின் பெயரை ஆண்டுவிழா மேடையில் வாசிக்க வேண்டாம், மலரிலும் போட வேண்டாம். வகுப்பு டீச்சருக்குத் தெரிந்தால் போதும்.