காலி ஸ்லாட்

ஜூன் 8, 2025, மண்டபம்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடற்புல் எங்கெங்கே இருக்கிறது என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் இரண்டு படங்களைச் சேர்த்துத் திறந்தால் போதும், லேப்டாப் அப்படியே நின்றுவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசசர் சும்மா இருக்கிறது, மெமரிதான் (ரேம்) விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. 8 ஜிபியில் இடம் போதாமல் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் எழுதுவதும் எடுப்பதுமாக நேரம் போகிறது. மெமரி பக்கத்தின் அடியில் இன்னொரு தகவல்: ரேம் செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில். அப்பாடா!

ஜூன் 9

ராமநாதபுரம் போய் வந்தேன். கடையில், "பழைய மாடல்க்கா, போர்டு எப்ப வேணாலும் போயிரும், புதுசு எடுத்துக்கங்க" என்று மெலிசான ஒன்றை எடுத்து வைத்தார்கள். அதில் ரேம் போர்டோடு பற்றவைத்தது. இன்று வாங்குகிற 8 ஜிபிதான் கடைசிவரைக்கும். என்னுடைய திங்க்பேட் டி480-ஐத் திறந்து மாற்றலாம், 32 ஜிபி வரை போடலாம் என்று கம்பெனியே சொல்கிறது. திறக்க முடிகிற பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

டிடிஆர்4 வகை லேப்டாப் ரேம் (எஸ்ஓடிம்), 8 ஜிபி ஒன்று வாங்கினேன். 260 பின், 1.2 வோல்ட். டிடிஆர்3, டிடிஆர்5 இரண்டுக்கும் பின் வரிசையிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உட்காராது. கடையில் இருந்தது 3200 வேகம். என் பிராசசர் அதை 2400-ல்தான் ஓட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

ஜூன் 11

ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்பதால் தம்பி வீட்டில்தான் இருக்கிறான். டார்ச் பிடிக்க அவனைக் கூப்பிட்டேன்.

இந்த மாடலில் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. முதலில் பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய் உள் பேட்டரியை டிஸேபிள் செய்ய வேண்டும், அதற்கப்புறம் வெளிப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பின்மூடித் திருகுகள் கழன்று விழாமல் மூடியிலேயே நிற்கும். வைத்தவன் நல்லா இருக்கணும். பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் விட்டு நெம்பினால் டக் டக்கென்று மூடி கழன்று வருகிறது.

"அக்கா, உப்பு ஏறியிருக்கு பாரு" என்றான் தம்பி. காலி ஸ்லாட்டின் ஓரத் தகரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஜன்னலுக்கு நேரே கடல், கச்சான் காற்று அடிக்கிற மாதம், வேறெப்படி இருக்கும்? உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். ஈர உப்பில் மின்சாரம் பாயும். பின்னில் பூசிய தங்கம் துருப்பிடிக்காதுதான். ஆனால் பூச்சு அத்தனை மெலிசு, அதிலுள்ள நுண்துளை வழியாக அடியிலிருக்கும் நிக்கலும் செம்பும் அரிக்கும். "கிரீஸ் தடவிருவமா?" என்றான். என்ஜினுக்குச் சரி, இதற்கு ஆகாது. அழிரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். தங்கப் பூச்சு தேயும், ரப்பர் தூள் ஸ்லாட்டில் போய் அடைக்கும். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு ஸ்லாட் முழுக்கத் துடைத்தேன். பழைய ரேமையும் கழற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன்.

உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்க இரும்பு ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு, புது ரேமைச் சாய்வாக வைத்துத் தங்கப் பின் மறையும் வரை உள்ளே தள்ளி, கீழே அமுக்கினேன். இரண்டு பக்கக் கொக்கியும் சேர்ந்து மாட்டின. சார்ஜரைச் செருகினால்தான் உள் பேட்டரி திரும்ப உயிர் பெறும். சுவிட்ச் போட்டதும் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. புது ரேமை அது பழகிக்கொள்ளும் நேரம், அவசரப்பட்டு அணைத்துவிடக் கூடாது. வந்துவிட்டது, 16 ஜிபி!

ஜூன் 12

ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. பிழை வந்திருந்தால் உடனே கடைக்குத் திருப்பியிருப்பேன். கெட்ட ரேம் கோப்புகளைச் சத்தமில்லாமல் சிதைக்கும், என் வேலைக்கு அதைவிட ஆபத்து இல்லை. இரண்டு ஸ்லாட்டும் நிறைந்ததால் மெமரி இரட்டைத் தடத்தில், அதாவது இரண்டு ரேமிலும் ஒரே நேரத்தில், ஓடுகிறது. கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்குபோடுகிறது, அதனால் வரைபடத்தை நகர்த்தும்போதே வித்தியாசம் தெரிகிறது.

ஜூன் 14

இன்றோடு தடைக்காலம் முடிகிறது, தம்பி படகு வேலையாகப் போய்விட்டான். குருசடைத் தீவுப் பகுதியின் படங்கள் மூன்றையும் ஒன்றாகத் திறந்து வேலை பார்த்தேன், எங்கும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மதினி தன் மகளின் லேப்டாப்பைப் பற்றி விசாரித்தார். 4 ஜிபியாம். மாடல் எண்ணை வாங்கிவைத்திருக்கிறேன். ஸ்லாட் உண்டா, பற்றவைத்ததா என்று பார்த்துச் சொல்லும்வரை கடைக்குப் போக வேண்டாம் என்றிருக்கிறேன்.