ஒன்பது கிலோமீட்டர் முள்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்று விலகினால், ஏரிக்கரையில் தொடங்கி ஒரு மொட்டைக் குன்றைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே ஏரிக்கரைக்கு வந்து சேரும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. நீளம் 9 கிலோமீட்டர்தான். இரண்டு ஆண்டுகளாக என் சனிக்கிழமைக் காலைகள் மலை மிதிவண்டியோடு அதற்கே போய்க்கொண்டிருக்கின்றன. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே அங்கே பாட்டில் சில்லுகள் கிடக்கும், முள்ளோடு மல்லுக்கட்டுவதே எனக்குப் போதும்.

குன்றுக்கு அப்பால் இருப்பது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவது குற்றம். அதிலும் செம்மரக் கடத்தல் நடக்கும் இந்த வட்டாரத்தில், விடியற்காலையில் முதுகுப் பையோடு காட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறவனை யாரும் சும்மா விட மாட்டார்கள். நான் ஓட்டும் பாதை எல்லைக் கற்களுக்கு இப்பால், மேய்ச்சல் நிலத்தில், ஆடுகளும் விறகுக்குப் போகிறவர்களும் நடந்து நடந்து உண்டாக்கியது.

இதைப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. பருவமழை ஏமாற்றாத ஆண்டில் ஏரி தளும்புகிறது, ஊசில் மரங்கள் தழைக்கின்றன. ஆனால் மாசி பிறந்ததும் எல்லாம் மாறிவிடும். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாவதாக நாம் பள்ளியில் படித்தோமே, அதை இங்கே ஆண்டுதோறும் கண்ணெதிரே பார்க்கலாம். பகலில் காய்ந்து இரவில் குளிர்ந்து பாறைகள் வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக உரிகின்றன. அவை பொடிந்து குறுமணலாகி, இறுகிய தரையின் மேல் கடுகைக் கொட்டியதுபோல் கிடக்கின்றன. அந்த மணலில் திரும்பும்போது பிரேக் பிடித்தால் முன்சக்கரம் தன் போக்கில் போய்விடும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட்டு, திரும்பும்போது விரலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை நான் கற்றதற்கு இடது முழங்கையில் தழும்பு சாட்சி.

முள்ளில் இரண்டு வகை முக்கியம். சீமைக் கருவேல முள் நீளமானது; டயரின் பக்கச் சுவரில் ஏறினால் பிழைக்காது. நெருஞ்சி சிறியது, ஆனால் அதுதான் பெரிய எதிரி. காய்ந்த நெருஞ்சிக் காய் ஐந்து சில்லுகளாகப் பிரியும். ஒவ்வொரு சில்லிலும் கொம்பு போல முட்கள் இருப்பதால், எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்தபடி நிற்கும். அமெரிக்காவின் அரிசோனா போன்ற பாலை நிலங்களில் மலை மிதிவண்டி ஓட்டுபவர்கள் "கோட்ஹெட்", அதாவது ஆட்டுத்தலை என்று பெயரிட்டுத் திட்டித் தீர்க்கும் முள்ளும் இதே நெருஞ்சிதான். அது இந்தப் பக்கத்து உலகிலிருந்து அங்கே போய்ப் பரவியது. சீமைக் கருவேலமோ அந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது. இந்தப் பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் யோசிப்பேன்.

டியூப் போட்ட சக்கரத்தோடு இங்கே வருவது வீண். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பால் போன்ற சீலன்ட், முள் குத்திய துளைக்குள் ஓடி உறைந்து அடைத்துவிடும். முள்ளைப் பிடுங்கியதும் துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிச் சிறிது நேரம் நிறுத்தினால் "உஸ்" என்ற சத்தம் மெல்ல அடங்கும். காற்றையும் குறைவாகவே வைக்க வேண்டும். 72 கிலோ எடைக்கு நான் முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். கல்லாக அடித்த டயர் பாறையில் துள்ளும், தளர்ந்த டயர் பாறையைக் கவ்வும்.

பாதையின் நான்காவது கிலோமீட்டரில், ஒரு வேப்பமரத்தடியில் வேடியப்பன் என்ற காவல் தெய்வத்தின் நடுகல் இருக்கிறது. குன்றை வலமாகச் சுற்றுவதால் அவர் எப்போதும் என் வலக்கைப் பக்கம் இருப்பார். அவரைத் தாண்டியதும் பாறை தொடங்குகிறது. பதினைந்தடி நீளமுள்ள வழுக்குப் பாறை, அதன் உச்சியில் ஒரு சாணுக்குச் சற்று அதிகமான செங்குத்துப் படி, படிக்கு அப்பால் உட்கார்ந்து மூச்சு வாங்கக்கூட இடமில்லாமல் இடப்பக்கம் ஒரு திருப்பம். ஏழு மாதங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் படியில் காலை ஊன்றினேன்.

காலில் வலுவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு கியரை மாற்றிப் பார்த்தேன். மிகவும் இலகுவான கியரில் பின்சக்கரம் வெறுமனே சுழன்றது. எடையை முன்னால் தள்ளினால் பின்னால் பிடிப்புப் போனது, பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கியது. ஒருநாள் பத்தாவது முறையாகத் தோற்று நின்றபோது, விறகுச் சுமையோடு வந்த ஆயா ஒருவர் சுமையை இறக்காமலேயே கேட்டார்:

"ஏன் நைனா, எறங்கித் தள்ளிக்கினு போனா இன்னா கொறஞ்சா பூடுவ?"

பதில் சொல்லத் தெரியவில்லை, சிரித்து வைத்தேன்.

குறை வேறிடத்தில் இருந்தது. படியின் மேல் முன்சக்கரம் ஏறும் கணத்தில், நான் வலுவாக அழுத்தும் இடக்கால் கீழே இருந்தது. அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்துவதற்கு ஒன்றுமில்லை. படியிலிருந்து பின்னோக்கி மிதிகளை எண்ணிப் பார்த்தேன். பாறையின் அடியில் கரிப் படிந்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டில் வலக்கால் மேலே இருக்குமாறு தொடங்கினால், ஐந்தாவது மிதியில் இடக்கால் மேலே வந்து, முன்சக்கரம் படியில் ஏறும் அதே கணத்தில் கீழே அழுத்தத் தயாராக நிற்கிறது. மூக்கு ஹேண்டில்பாருக்கு மேல், முழங்கைகள் மடங்கி, கண் படியில் அல்ல, படிக்கு அப்பாலுள்ள திருப்பத்தில்.

மாசி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை ஏறிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. வேடியப்பன் மட்டும் பார்த்திருக்கலாம்.

மறுபக்கம் ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய கனத்த சைக்கிள்களை வைத்து மலைச்சரிவில் பந்தயம் விட்டவர்களின் பின்சக்கர பிரேக்கில் கிரீஸ் வெந்து புகைந்து போகுமாம். இறங்கியதும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அந்தச் சரிவுக்கே "ரீபேக்" என்று பெயர் வந்தது. எனக்கு டிஸ்க் பிரேக் இருக்கிறது, அந்தத் தொல்லை இல்லை. சீட்டைத் தாழ்த்தி, குதிகாலைக் கீழே இறக்கி, வெற்றிக் களிப்பில் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினேன்.

பாதியிலேயே பின்சக்கரம் ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் டயரில் நெருஞ்சி பதினொன்று. பிடுங்கினேன், சக்கரத்தைத் திருப்பினேன், காத்திருந்தேன், "உஸ்" அடங்கவில்லை. புரட்டாசியில் ஊற்றிய சீலன்டை அதன்பின் நான் சரிபார்க்கவே இல்லை, அது உள்ளே காய்ந்து தோலாகியிருந்தது. மாற்று டியூப் வீட்டில் இருந்தது. அதற்குப் பதிலாக அன்று ஒரு பாட்டில் மோர் கூடுதலாகக் கொண்டுவந்திருந்தேன்.

மோரைக் குடித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏரிக்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த அதே ஆயா என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பத்தான் வழிக்கு வந்த, நைனா."