எலிக்குத் தோல் புண்ணா? முதலில் நகத்தைப் பாருங்கள்

பிளாக்-6 என்ற கறுப்பு ஆய்வகச் சுண்டெலியின் பிடரியில் புண் தெரிந்ததும் பலருடைய கை ஆன்டிபயாடிக் பாட்டிலுக்குத்தான் போகிறது. ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுக்கும் மாதிரி) எடுத்தால் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வரும். ஆனால் அது நல்ல தோலிலேயே குடியிருக்கக்கூடியது. எலி பின்னங்காலால் சொறிந்து தோலைக் கிழித்த பிறகுதான் உள்ளே இறங்கிச் சீழ் வைக்கிறது.

புண் எங்கே என்று பாருங்கள். தோள்களுக்கு நடுவில், காதுக்குப் பின்னால் என்றால் சொறிதல். வாலடியில், இடுப்பில் என்றால் ஆண் எலிகளின் சண்டை. புண்ணே இல்லாதவன்தான் பெரும்பாலும் கடித்தவன், அவனைப் பிரித்து வையுங்கள்.

சொறிதல் என்றால் அடுத்து உண்ணி. செலோடேப்பைத் தோள்பட்டை முடியில் அழுத்தி எடுத்து, ஸ்லைடில் ஒட்டி, 10 எக்ஸ் லென்ஸில் பார்த்தால் போதும். உண்ணி இல்லையென்றால் பின்னங்கால் நகங்களின் நுனியை வெட்டுங்கள். எலி திமிறினால் லேசாக ஐசோஃப்ளூரேன் மயக்க மருந்து கொடுத்துக்கொள்ளலாம். சிவப்பாக ரத்தம் ஓடும் பகுதிக்கு முன்பே கத்தரி நிற்க வேண்டும். நகம் வளரும், திரும்ப வெட்ட வேண்டிவரும். பிசுபிசுப்பான களிம்பு எனக்குப் பிடிக்காது. எலி அதை நக்கிநக்கியே புண்ணைப் பெரிதாக்கும்.

ஸ்வாபிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒரு பொறி இருக்கிறது. 7.5% உப்புள்ள மேனிட்டால் தட்டு மஞ்சளானதும் "ஆரியஸ்" என்று எழுதிவிடுவார்கள். எலித்தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சைலோசஸும் அதே தட்டை மஞ்சளாக்கும். முயல் பிளாஸ்மாவில் கோஆகுலேஸ் சோதனை (கிருமி பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்ப்பது) வையுங்கள்: 37 டிகிரியில் 4 மணி நேரம், உறையாவிட்டால் 24 மணி நேரம் வரை. உறைந்தால் பெரும்பாலும் ஆரியஸ், உறையாவிட்டால் சைலோசஸ் போன்ற வேறு ஏதோ ஒன்று.

முடியும் போதிய எதிர்ப்புச் சக்தியும் இல்லாத நியூட் எலியில் கதையே வேறு. முதுகில் தவிடு தூவினாற்போல் வெள்ளைச் செதில் வந்தால் கோரினிபாக்டீரியம் போவிஸ் என்ற பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். இங்கே கிருமிதான் குற்றவாளி. தொற்றி 7 முதல் 10 நாளில் செதில் தெரியும், பிறகு தானே உதிர்ந்தும் போகும். கிருமி போகாது. ஆன்டிபயாடிக் நிறுத்தியதும் செதில் திரும்பலாம். ரத்த அகார் தட்டில் ஊசிமுனை அளவுக் காலனி வர 48 முதல் 72 மணி நேரமாகும். அதற்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் தட்டை மூடிவிடும். அதனால் முதுகிலும் கன்னத்திலும் ஸ்வாப் எடுத்து, கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவதே சரி. உறுதியானால் அந்தக் கூட்டத்தை ஒழித்து, அறையைச் சுத்தம் செய்து, புது எலி வாங்குவதுதான் வழி.

இந்தக் கிருமி செதிலோடு பறக்கும், கையுறையில் ஒட்டும். கையுறையில் ஸ்பிரிட் தெளித்தால் போதும் என்று நம்பாதீர்கள். வேறு எலிகளிடமிருந்து கிருமி போகாமலிருக்க, காலையில் முதல் வேலை தொற்றில்லாத நியூட் அறையாக இருக்கட்டும், மற்ற எலிகள் பிறகு.

ஓசூர், தர்மபுரி பக்கம் எலிக்கூண்டுப் படுக்கைக்கு ரைஸ்மில் உமி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. புடைத்துத் தூசி எடுத்துவிட்டுத் துணிப்பையில் பாதி மட்டும் நிரப்பி, 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். திணித்து அடைத்த பையின் நடுவில் நீராவி ஏறாது. நீராவி பட்டால் நிறம் மாறும் இண்டிகேட்டர் பட்டையை வெளியே ஒட்டாமல் உமியின் நடுவில் புதைத்து வைத்தால் அது தெரிந்துவிடும்.