லீவரின் கடைசி ஓர் அங்குலம்

டெக்சஸில் வெயில் ஏறுவதற்குள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்விட வேண்டும். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் நானும் என் மனைவியும் போய்விட்டோம். 50 கஜத்தில் இரும்புத் தகடு தொங்குகிறது. கையில் 1892 மாடல் லீவர் ரைஃபிள்; ட்ரிகரைச் சுற்றியிருக்கும் கைப்பிடியைக் கீழே தள்ளி, திரும்ப இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது. ஜான் பிரவுனிங் வின்செஸ்டர் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. என்னுடையது இந்தக் காலத்தில் செய்த மறுபதிப்பு. .357 மேக்னம் ரிவால்வரில் போடும் அதே தோட்டாதான் இதற்கும். குழலுக்கு அடியில் ஓடும் குழாய் மேகசினில் பத்து தோட்டா பிடிக்கும்.

மூன்றாவது தோட்டாவில் சிக்கிக்கொண்டது.

ட்ரிகரிலிருந்து விரலை எடுத்தேன், முனை தகட்டின் பக்கமே இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு மேலிருந்து உள்ளே பார்த்தேன். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழாமல், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் நுனியிலேயே தொங்கியது. அதற்குக் கீழே புதுத் தோட்டா படுத்திருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “முழுசாத் தள்ளுங்க. அதுக்கு வலிக்காது” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் சொன்னதுதான் விஷயமே. லீவரைக் கீழே தள்ளும்போது போல்ட் பின்னால் போய், சுட்ட கூட்டை இழுத்துக்கொண்டு வரும். ஆனால் கூட்டை மேலே எறிவதும், கேரியர் என்கிற தூக்கும் தட்டு நிமிர்ந்து அடுத்த தோட்டாவைக் கொடுப்பதும் அந்த வீச்சின் கடைசியில்தான் நடக்கும். புதுத் துப்பாக்கி, மெதுவாக நடத்துவோம் என்று லீவரை முக்கால்வாசியில் திருப்பிவிட்டால் இரண்டுமே நடக்காது. மென்மையாகக் கையாள்வதுதான் நல்லது என்று நினைத்திருந்தேன்; இந்த இயந்திரத்துக்கு அது பொருந்தாது. முட்டும் வரை தள்ளி, அதே வேகத்தில் இழுத்து மூட வேண்டும். அப்படிச் செய்யத் தொடங்கியதும் .357 தோட்டாக்கள் ஒன்றுகூட நிற்கவில்லை.

அப்புறம் அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினோம். மனைவிக்கு அதன் உதைப்பு கம்மியாக இருப்பது பிடிக்கும். .357 மேக்னம் 1935-ல் வந்தபோது .38-இன் கூட்டைத்தான் கொஞ்சம் நீட்டினார்கள். அதனால் .357-இன் அறையில் .38 தாராளமாகப் போகும், .38 ஸ்பெஷலுக்கான அறையில் .357 போகாது. ரிவால்வரில் இந்த நீள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே தோட்டாவை நம் கையாலேயே அறைக்குள் வைக்கிறோம். லீவர் ரைஃபிளில் அது தானாகச் சாய்ந்து ஏறிப் போக வேண்டும். நான் வாங்கி வந்திருந்தது செமி வாட்கட்டர் குண்டு: மூக்கு தட்டை, கூட்டின் வாயருகே கூர்மையான ஒரு தோள். காகித இலக்கில் அச்சு வெட்டியது போல வட்டமாக ஓட்டை போடும். இங்கே அந்தத் தோள் அறையின் விளிம்பில் போய் இடித்து நின்றது. இந்த முறை லீவரை முழுக்கத்தான் தள்ளியிருந்தேன், ஆகவே கையின் மேல் பழி இல்லை. அந்தப் பெட்டியை ரிவால்வருக்கு ஒதுக்கிவிட்டு, உருண்டு வந்து நுனியில் மட்டும் தட்டையாக முடியும் குண்டைப் போட்டோம். வழுக்கிக்கொண்டு போனது.

நுனி ஏன் தட்டை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது அடித்தால் தோட்டாவை வெடிக்க வைக்கும் அடிப்பக்கப் பொட்டில், முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு உதைப்பிலும் அந்த வரிசை முழுக்கக் குலுங்கும். கூரான குண்டை இதில் போடவே கூடாது.

வின்செஸ்டரின் 1873 மாடலில் தோட்டாவின் நீளம் இன்னும் கறாரான விஷயம். அதில் பித்தளைக் கட்டி ஒன்று தோட்டாவை லிஃப்ட் மாதிரி நேராக மேலே தூக்கும். தோட்டா அளவுக்கு மேல் நீண்டால் கட்டி எழும்பாது. மிகவும் குட்டையாக இருந்தால் அடுத்து வரும் தோட்டாவின் அடிப்பகுதி கொஞ்சம் உள்ளே நுழைந்து, அதே கட்டியை அடைத்துக்கொள்ளும். அந்தத் துப்பாக்கியும் .44-40 தோட்டாவும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனமும் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. இடுப்பிலும் தோளிலும் ஒரே தோட்டா என்பது கடை தூரத்தில் இருந்தவனுக்கு எத்தனை பெரிய வசதி! அந்த யோசனைதான் என்னை இந்த ரைஃபிள்கள் பக்கம் இழுத்தது. நீண்ட குழல் என்பதால் .357-க்கு ரிவால்வரில் கிடைக்காத வேகமும் கூடுதலாகக் கிடைக்கிறது.

தோட்டா நிரப்புவதில் கட்டைவிரல் நோகும். பக்கவாட்டுக் கதவின் ஸ்பிரிங் முரட்டுத்தனமானது. தோட்டாவை முழுக்க உள்ளே தள்ளாமல், அடிப்பகுதி கொஞ்சம் வெளியே தெரியும்படி விட்டுவிட்டு, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளுங்கள். கதவு ஒவ்வொரு தடவையும் மூடிக்கொள்ளாது. கடைசி ஒன்றுக்கு மட்டும் விரலைக் கொடுத்தால் போதும்.

.38 நிறையச் சுட்ட பிறகு .357-ஐத் திணிக்காதீர்கள். குட்டைக் கூட்டின் வாய்க்கு முன்னால் அறைக்குள் கரி வளையமாகப் படிந்துவிடும். நீளமான கூடு அதில் இறுகிக்கொள்ளும். நான் வீட்டுக்கு வந்ததும் பித்தளை பிரஷ்ஷால் அறையைத் தேய்த்துவிடுகிறேன்.

கிளம்பும் முன் மனைவி கடைசியாகப் பத்து சுட்டாள். லீவர் ஒவ்வொரு முறையும் அடி வரை போனது, பத்து முறையும் தகடு மணியடித்தது. காலி என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, சுண்டுவிரலை அறைக்குள் விட்டும் தடவிப் பார்த்த பிறகு கூடுகளைப் பொறுக்கினோம். ஒன்பதுதான் கிடைத்தது. 1892 கூட்டை நேர் மேலே எறியும். பத்தாவது அவள் தொப்பியின் விளிம்பில், இன்னும் சூடாக, உட்கார்ந்திருந்தது.