தகரக் கூரைக்குக் கீழ 22 ரெக்கார்டர்

போன சனிக்கிழமை மக ஸ்கூல்ல பரிசளிப்பு விழா. கடிதத்துல காலைல 8 மணின்னு போட்டிருந்துச்சு, நானும் நம்பி மில்லுல நைட் ஷிப்ட் முடிச்ச கையோட வீட்டுக்கு வந்து ரெண்டு சொம்பு தண்ணிய ஊத்திக்கிட்டு பசியாறக்கூட இல்லாம ஓடினேன், ஒய்.பி., அதான் எங்க தொகுதி மக்கள் பிரதிநிதி, வந்து சேர்ந்தப்ப மணி ஒம்போதே முக்கால். அதுவரைக்கும் மைக் டெஸ்டிங் மட்டும் ஒரு இருவது தடவ கேட்டிருப்போம்.

நாங்க இருக்கறது மலேசியாவுல கோல சிலாங்கூர் பக்கம். சுத்திலும் செம்பனை, நடுவுல ரெண்டு வரிசை கடை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. எங்க பாட்டி மரம் சீவுன காலத்துல இதெல்லாம் கித்தா காடு, அதாவது ரப்பர் தோட்டம். இப்ப பாதி சனம் கிள்ளான் பக்கம் போயிட்டாங்க, ஸ்கூல்ல 150 பிள்ளைங்க இல்ல, அதனால எஸ்.கே.எம்., அதாவது பிள்ளைங்க கம்மியா இருக்கற பள்ளிங்க லிஸ்ட்ல இருக்கு. இசைக்குனு தனியா டீச்சர் எங்க வர்றது, கணக்கு சொல்லிக்குடுக்கற டீச்சர்தான் இதையும் பாத்துக்கறாங்க. அவங்கள ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். நானா இருந்தா முதல் வாரமே மாத்தல் கேட்டிருப்பேன்.

நாலாம் ஆண்டு வந்தா ரெக்கார்டர் வந்துடும்னு பிள்ளை பெத்தவங்களுக்குத் தெரியும். பாக்க சாதாரண பிளாஸ்டிக் குழல், முன்னாடி ஏழு ஓட்டை பின்னாடி கட்டைவிரலுக்கு ஒண்ணு. முதல்ல இடது கை மட்டும்தான், பி, ஏ, ஜின்னு மூணே சுரம். எங்க வீட்டுல ஒரு மாசம் அந்த மூணு சுரம்தான் ஓடுச்சு, அம்மா சீரியலுக்கு சவுண்ட ஏத்துவாங்க, இவ அதுக்கு மேல ஊதுவா, பக்கத்து வீட்டு நாய் இதுல நம்மளும் சேர்ந்துக்குவோம்னு ஊளை விடும். அப்புறம் வலது கையும் சேர்ந்துச்சு. கீழ் 'சி'ங்கற சுரத்துக்கு எல்லா ஓட்டையும் அடைச்சாகணும், சின்ன விரல் சரியா படாது, நூல் அளவுக்கு காத்து கசிஞ்சாலும் கிறீச்சுனு ஒரு கத்து. இவளுக்கு தினமும் அதே இடத்துல கத்தும். எனக்கு அது மனப்பாடம் ஆயிடுச்சு.

விழாவுல தேசியகீதம் நல்லாதான் போச்சு, எல்லாரும் நின்னு பாடுறதால யாரு தப்பா பாடுறான்னு தெரியாது. கூட்டுப்பாட்டுல லேப்டாப் பாதில நின்னுடுச்சு, பிள்ளைங்க மியூசிக் இல்லாமலே பாடி முடிச்சாங்க, உண்மைய சொல்லணும்னா அன்னைக்கு உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான். அப்புறம் நாலாம் ஆண்டு அஞ்சாம் ஆண்டு சேர்ந்து 22 ரெக்கார்டர். ஏறும்போதே வெளிய வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு, நான் மனசுக்குள்ள மாரியம்மாகிட்ட மழைய கேட்டேன், குடுத்துட்டா. தகரக் கூரை, கொட்டுற கொட்டுல பக்கத்துல இருக்கறவங்க பேசுறது கேக்கல. ஆனா ரெக்கார்டர் மட்டும் மழையக் கிழிச்சுக்கிட்டு வருது. அப்புறம்தான் படிச்சேன், மனுஷ காது 2000லருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ரொம்ப உஷாரா இருக்குமாம், இந்த கிறீச்சு சத்தம் போய் நிக்கிறதும் அந்தப் பக்கம்தான். தப்பிக்க வழியே இல்ல லா.

பக்கத்துல கோயில்ல நாகஸ்வரம் வாசிக்கிற அண்ணன், அவரு மகனும் மேடைல. கண்ண இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு. காதுகிட்ட குனிஞ்சு சொன்னாரு, "தம்பி, இந்தக் குழலுக்கு மூச்சுதான் சுருதி. பலமா ஊதுனா சுருதி ஏறிடும், மெதுவா ஊதுனா எறங்கிடும். ஒருத்தன் 440 ஹெர்ட்ஸ்ல நிக்கிறான் அடுத்தவன் 445ல நிக்கிறான்னு வையி, செகண்டுக்கு அஞ்சு தடவ ரெண்டும் மோதிக்கும். அந்த மோதல்தான் உங்க பல்லுல கூசுது." எனக்கு நெசமாவே பல்லு கூசிக்கிட்டுதான் இருந்துச்சு.

மூணாவது வரில வந்துச்சு பாருங்க, கீழ் சி. கிறீச். அதே கத்து. 22 குழலுக்கு நடுவுல எம்மக சத்தத்த கண்டுபிடிச்சுட்டேன், கேவலமாவும் இருந்துச்சு, என்னமோ பெருமையாவும் இருந்துச்சு. அண்ணனும் கண்ணத் தொறந்து என்னைப் பாத்தாரு, "பரவால்ல தம்பி, விரல் வளந்தா சரியாயிடும்"னு தோள்ல தட்டிக் குடுத்தாரு. நாலு நிமிசத்தையும் வீடியோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டேன், கீழ எழுதினேன், மூணாவது வரில தனியா கேக்கறது நம்ம பாப்பாதான்னு.

காடில வரும்போது, கேண்டீன்ல குடுத்த பீஹூன் பொட்டலத்த பிரிச்சு சாப்பிட்டுக்கிட்டே கேட்டா, "எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா சத்தமா இருந்துச்சும்மா. அந்தக் கீழ் 'சி' மட்டும் கொஞ்சம்..."

"நான் ஊதவே இல்லையேப்பா. சரியா வராதவங்க விரல மட்டும் வைங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

எனக்கு ஸ்டீயரிங் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அப்ப எத்தன பேரு ஊதுனீங்க?"

"ஆறு பேரு."

ஆறு பேரு. அந்தச் சத்தம் மொத்தமும் ஆறு பேரு.

"அப்ப அந்த 'சி'ல கத்துனது யாரு?"

"நாகஸ்வரம் அங்கிள் மகன்."

வீட்டுக்கு வந்து போன பாத்தா ஈப்போலருந்து அத்தை வாய்ஸ் நோட்டு. பாப்பா சவுண்டு தனியா தெரியுது, அப்படியே நம்ம தாத்தா மூச்சு, நல்ல குருவா பாத்து சேத்து விடுடான்னு ரெண்டு நிமிசம் பேசியிருக்காங்க. கீழ பதினோரு பேரு இதயம் போட்டிருக்காங்க. இன்னும் நான் ஒண்ணும் சொல்லல.