ஓ'டிரிஸ்கல்கள் பால்டிமோரில் கூடும்போது

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கார்க் கவுண்டியில், பால்டிமோர் என்று ஒரு சின்னத் துறைமுகம் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பெரிய நகரம் இல்லை இது. ஒரு படகுத்துறை, அதைப் பார்த்தபடி சில பப்கள், மேட்டில் ஒரு கோட்டை, எதிரே பத்து நிமிடப் படகுப் பயண தூரத்தில் ஷெர்கின் தீவு, அவ்வளவுதான் ஊர். ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு வார இறுதியில் ஓ'டிரிஸ்கல் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இங்கே வந்து இறங்குகிறார்கள். கார்க்கில் என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் அந்தக் குலம். "வந்து பாரேன், உனக்குப் பிடிக்கும்" என்று கூப்பிட்டார், போனேன். அதிலிருந்து இந்த குலக்கூடல்கள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக் கூடுகிறவர்கள் ஓ'டிரிஸ்கல்கள் மட்டுமில்லை. மேயோ கவுண்டியின் ஓ'மாலிகள் 1953லிருந்து கூடுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கடலில் கப்பல்களோடு கோலோச்சிய கிரேஸ் ஓ'மாலியின் குலம் அது. 1593ல் லண்டனுக்கே போய் முதலாம் எலிசபெத் ராணியைச் சந்தித்து, சிறையிலிருந்த மகனுக்காகப் பேசிய பெண்மணி. வடக்கே டோனகாலில், இனிஷோவன் தீபகற்பத்தில் ஓ'டோஹர்ட்டிகள் கூடுகிறார்கள். 1989ல் இந்தக் குலச் சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக 'கிளான்ஸ் ஆஃப் அயர்லாந்து' என்ற அமைப்பு உருவானது, குலங்களின் பதிவேட்டை அவர்கள்தான் பராமரிக்கிறார்கள்.

இந்தக் குலம் என்பது பழைய காலத்தில் வெறும் பாசப் பேச்சு இல்லை, அது சட்டம். பிரெஹன் சட்டம் என்று அழைக்கப்படும் பழைய கேலிக் சட்டத்தில், அதாவது ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்த ஐரிஷ் மக்களின் சொந்தச் சட்டத்தில், தனி மனிதனை விட உறவுக்கூட்டம்தான் முக்கியம். ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த ஆண்கள், அதாவது நம்மூர்ப் பங்காளிகளைப் போன்றவர்கள், ஒரு அலகு. நிலத்தில் உரிமையும் அந்த வட்டத்துக்குள்தான், பொறுப்பும் அதற்குள்தான். ஒருவன் கொலை செய்துவிட்டுத் தண்டத்தொகை கட்ட வழியில்லாமல் நின்றால் அவனுடைய உறவுக்கூட்டம் கட்டியாக வேண்டும். தலைவன் செத்தால் மூத்த மகன் தானாகத் தலைவனாகிவிட முடியாது, அந்த வட்டத்துக்குள் தகுதியானவனைத் தேர்ந்தெடுப்பார்கள், பெரும்பாலும் தலைவன் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவன் யார் என்று தீர்மானித்துவிடுவார்கள். அந்த அடுத்தவனுக்குக் கொடுத்த 'டானிஷ்டே' என்ற பட்டம்தான் இன்றைக்கு அயர்லாந்தின் துணைப் பிரதமருடைய பதவிப் பெயர்.

அப்புறம் இன்னொரு வழக்கம், எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே இன்னொரு வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். வளர்த்தவர்களோடும் கூட வளர்ந்தவர்களோடும் உண்டாகிற பந்தம் ரத்த உறவுக்குக் குறையாத பந்தமாகக் கருதப்பட்டது. பெற்றால்தான் சொந்தம் என்று அந்தப் பழைய சமூகம் நினைக்கவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓ'டிரிஸ்கல்கள் கடலோரக் குலம். தங்கள் கரைக்கு வந்து மீன் பிடிக்கிற வெளியூர்ப் படகுகளிடம் வரி வாங்கினார்கள், சமயத்தில் கப்பலையே பிடித்துக்கொண்டார்கள். 1537ல் வாட்டர்ஃபோர்டு வணிகர்களுக்குத் திராட்சை மது ஏற்றி வந்த போர்த்துகீசியக் கப்பலைப் பிடிக்கப் போய், வாட்டர்ஃபோர்டுக்காரர்கள் படை திரட்டி வந்து பால்டிமோரையும் ஷெர்கினையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். அதிலிருந்தெல்லாம் எழுந்துவிட்டார்கள். எழ முடியாத அடி 1601ல் வந்தது. கின்சேல் சண்டையில் ஆங்கிலேயர்களுக்கு எதிராக ஸ்பானியர்கள் வந்தபோது இவர்கள் தங்கள் கோட்டைகளை ஸ்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள், அந்தப் பக்கம் தோற்றது. சில ஆண்டுகளில் பால்டிமோர் ஆங்கிலேயக் குடியேறிகள் வாழும் ஊராகிவிட்டது. 1631 ஜூனில் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்கள் வந்து நூற்றுச் சொச்சம் பேரைப் பிடித்து அல்ஜியர்ஸில் அடிமைகளாக விற்றபோது, பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடியேறிகள்தான். வடக்கே பெரிய குலத்தலைவர்களான ஓ'நீலும் ஓ'டானலும் 1607 செப்டம்பரில் ரத்மல்லனில் கப்பலேறிப் போய்விட்டார்கள், திரும்பவே இல்லை. தலைவர்கள் போனபின் சட்டமும் போனது. ஆங்கிலேய ஆட்சியில் பெயருக்கு முன்னால் இருந்த 'ஓ'வையும் 'மாக்'கையும் நிறையப் பேர் உதிர்த்துவிட்டார்கள், ஓ'டிரிஸ்கல் டிரிஸ்கல் ஆனார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி மீட்பு இயக்கம் வந்தபோதுதான் பலர் திரும்ப எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். அதற்குள் அமெரிக்கா போய்விட்டவர்கள் வெறும் டிரிஸ்கலாகவே இருந்துவிட்டார்கள்.

பிறகு பஞ்சம். 1845ல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியதிலிருந்து சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841ல் எண்பது லட்சத்துக்கும் மேல் இருந்த தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. பால்டிமோருக்குப் போகும் வழியில் ஸ்கிபரீன் வருகிறது. அங்கே ஆபிஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்தில் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை பெயரில்லாமல் ஒன்றாகப் புதைந்து கிடக்கிறார்கள் என்கிறார்கள். புல்வெளிதான், வேறு அடையாளம் அதிகம் இல்லை. கூடலுக்கு வருகிறவர்கள் பலர் முதலில் அங்கே இறங்கிவிட்டுத்தான் பால்டிமோருக்கு வருகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பேர் ஏன் காசு செலவழித்துப் பறந்து வருகிறார்கள்? இணையத்திலேயே வம்சாவளி தேடலாமே? தேடலாம், ஆனால் அயர்லாந்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821லிருந்து 1851 வரையான மக்கள்தொகைக் கணக்குகளில் கிட்டத்தட்ட எல்லாம், ஏராளமான உயில்கள், புராட்டஸ்டன்ட் தேவாலயப் பதிவேடுகளில் பெரும்பகுதி, எல்லாம் போயின. எரிந்த தாள்கள் காற்றில் பறந்து நகரமெங்கும் விழுந்தனவாம். 1861லிருந்து 1891 வரையான கணக்குகளை அரசாங்கமே அதற்கு முன்பாக அழித்துவிட்டிருந்தது. ஆக, முழுதாகக் கையில் கிடைக்கிற மிகப் பழைய கணக்கு 1901ஆம் ஆண்டுடையது. பஞ்சத்தில் ஓடியவனின் பேரன் அதில் எங்கே தேடுவான்? நிலவரிக்காக 1847லிருந்து 1864 வரை எடுத்த கிரிஃபித் மதிப்பீடு இருக்கிறது, கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகளை 2015ல் தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் போட்டது. ஆனால் இவற்றில் தேட வேண்டுமானால் உங்கள் ஆள் எந்த டவுன்லேண்டைச் சேர்ந்தவன் என்று தெரிய வேண்டும். டவுன்லேண்டு என்பது கிராமத்தை விடச் சின்ன நிலப்பிரிவு, தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மேற்கு கார்க்கில் ஒரு பங்கில், அதாவது ஒரு தேவாலய வட்டாரத்தில், டேனியல் டிரிஸ்கல்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தகவல் காகிதத்தில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. கூடலில் நான் கண்டது இதைத்தான். கொடி, பேக்பைப், கோட்டை வாசலில் புகைப்படம், தலைவர் பதவியேற்பு, இரவு பாட்டு, எல்லாம் உண்டு. ஆனால் உண்மையான காரியம் ஒரு அறையில் ஓரமாகப் போட்டிருந்த நீள மேசையில்தான் நடந்தது. கோப்புகள், ஒட்டுப்போட்ட வரைபடங்கள், ஒன்றிரண்டு லேப்டாப். மாசச்சூசெட்ஸிலிருந்து வந்த ஒரு அம்மாள் தன் பாட்டி சொன்னதாக ஒரு பட்டப்பெயரைச் சொன்னார். இந்தப் பகுதியில் ஒரே பெயரில் இத்தனை குடும்பங்கள் இருப்பதால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அது எந்த அரசாங்கப் பதிவிலும் ஏறாது. எதிரே உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் தலையை நிமிர்த்தி, "அப்படியா, அப்போ நீங்கள் கேப் கிளியர்க்காரர்கள், இந்தப் பக்கம் இல்லை" என்றார். கேப் கிளியர் பக்கத்துத் தீவு. பல ஆண்டுகளாகத் தவறான பங்கின் பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த அம்மாள். அவர் அழவெல்லாம் இல்லை, உடனே பேனாவை எடுத்து அடுத்த கேள்வியைக் கேட்டார், பெரியவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார், யார் யாரைக் கட்டினார்கள், எந்த வீட்டுக் கூரை எப்போது விழுந்தது, யார் போனார்கள், யார் போனபின் கடிதமே போடவில்லை என்று. எரிந்துபோன காப்பகத்தின் ஒரு மூலையை அவர்கள் இருவரும் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதனால்தான் சின்னங்கள், பட்டங்கள் பக்கம் எனக்கு மனம் போவதில்லை. 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கடைகளில் குவளையிலும் சாவிக்கொத்திலும் விற்கிறார்களே, சட்டப்படி சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது, ஒரு குடும்பப் பெயருக்கு இல்லை. 1940களில் அரசின் தலைமை மரபியல் அதிகாரி சில குலத்தலைவர்களை அங்கீகரிக்கத் தொடங்கினார், ஆனால் தேர்ந்தெடுக்கும் பழைய கேலிக் முறையை விட்டுவிட்டு மூத்த மகன் வாரிசு முறையைப் பின்பற்றினார். பட்டத்துக்கு மதிப்பு வந்தால் போலியும் வரும். மெக்கார்த்தி குலத்தலைவருக்குரிய மெக்கார்த்தி மோர் என்ற பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்கியிருந்த ஒருவரின் வம்சாவளி போலி என்று 1999ல் வெளிவந்தது, அதற்குள் அவர் பட்டங்களை விற்றும் இருந்தார். 2003ல் அரசு அந்த அங்கீகார வழக்கத்தையே நிறுத்திவிட்டது, நல்ல வேலை செய்தார்கள். இன்று குலங்கள் தாங்களே கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன, பழைய முறைக்கு அதுதான் நெருக்கம். பெண்களும் தலைவர்களாகிறார்கள், அது பழைய முறையை விட நல்லது.

2013ல் அயர்லாந்து அரசு 'தி கேதரிங்' என்று ஒரு வருடம் முழுக்க ஊர் ஊராகக் கூடல்கள் நடத்த வைத்தது. நடிகர் கேப்ரியல் பர்ன் அதை மோசடி என்றே சொன்னார், புலம்பெயர்ந்தவர்களிடம் காசு கறக்கும் வேலை என்று. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் பிள்ளைகள் மூட்டை மூட்டையாக ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருந்த நேரம், அப்போது போய் நூற்றைம்பது வருடம் முன்பு போனவர்களின் பேரப்பிள்ளைகளை வாருங்கள் என்று கூப்பிடுவது பலருக்கு உறுத்தியது. ஆனால் குலக்கூடல்கள் அந்த ஆண்டுக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. அந்த நீள மேசையை எந்தச் சுற்றுலாத் துறையும் போடவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மீனவர்களும் தங்கள் சொந்த நேரத்தில் போட்டது அது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். ரத்தம், வம்சம் என்று இவ்வளவு பேசுகிற இதே சமூகம்தான் கல்யாணமாகாமல் தாயான பெண்களைக் காப்பகங்களுக்குள் அடைத்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பிரித்தது. 1940களிலிருந்து 1970கள் வரை சுமார் இரண்டாயிரம் குழந்தைகளை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்து அனுப்பினார்கள். வளர்ந்தபின் அவர்கள் திரும்பி வந்து கேட்டபோது பதிவேடுகளைக் காட்ட மறுத்தார்கள். 2022ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் தங்கள் பிறப்புச் சான்றிதழையே முழுதாகப் பார்க்கும் உரிமை கிடைத்தது. மரபணுப் பரிசோதனை செய்து, பெயர் எதுவும் பொருந்தாமல், ஒரு குலத்தின் பக்கம் வந்து நிற்கிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள். வளர்ப்புப் பிள்ளையைச் சொந்தமென்று சட்டத்திலேயே எழுதிய சமூகத்தின் வாரிசுகள், தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். குலக்கூடலின் வரவேற்பு உரைகளில் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், கின்சேலைப் பற்றிப் பேசுகிறார்கள். இதைப் பற்றியும் மேடையில் பேச வேண்டும், பெயர் மாறி வந்தவர்களுக்கு அந்த மேசையில் முதல் நாற்காலி கொடுக்க வேண்டும். நான் போன கூடலில் அப்படி வந்த ஒருவரை ஒரு குடும்பம் எந்தக் கேள்வியும் கேட்காமல் தங்களோடு உட்காரவைத்துச் சாப்பிட வைத்ததைப் பார்த்தேன். மேடையில் வராத விஷயம் சாப்பாட்டு மேசையில் நடந்துவிட்டது.

இன்னொன்றும் அவசரமானது. அந்த உள்ளூர்ப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்குத் தெரிந்த பட்டப்பெயர்களும் வீட்டு வரிசையும் இளையவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரிகிறது. கோப்புகள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. டப்ளின் டிரினிட்டி கல்லூரி தலைமையில் 1922ல் எரிந்த ஆவணங்களின் நகல்களை உலகமெங்கும் தேடிச் சேர்த்து 2022ல் இணையத்தில் திறந்திருக்கிறார்கள், அருமையான வேலை. ஸ்கிபரீனில் உள்ளூர் மரபு மையம் கல்லறைப் பதிவுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. குலச் சங்கங்களும் தங்கள் கோப்புகளை ஸ்கேன் செய்து, பெரியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, இப்படிப்பட்ட இடங்களில் கொடுத்துவைக்க வேண்டும். கிளம்பும்போது அமைப்பாளர்களிடம் இதைச் சொன்னேன். அடுத்த கூடலுக்கு ஒரு ஸ்கேனரும் ஒலிப்பதிவுக் கருவியும் வேண்டும், மேசையில் இரண்டு நாள் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள். நான் உட்காருகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறேன். கார்க்கில் இருக்கிற தமிழ் நண்பர்கள் யாராவது அந்த ஜூன் வார இறுதியில் கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், தட்டச்சு வேலை நிறைய இருக்கிறது.